சத்திரத்துக்கு வந்த இரண்டு நிதிகள்

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையில் இருக்கும் எங்கள் சிற்றூரின் பழைய சத்திரத்தைப் பழுதுபார்க்க என் நினைவில் இரண்டு முறை பணம் வந்திருக்கிறது. முதல் முறை வந்த பணம் கட்டிடத்தைக் கெடுத்தது. இரண்டாம் முறை வந்த பணம் அதைக் காப்பாற்றியது. பழைய கட்டிடத்துக்கு நிதி தேடி என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது எங்கே விண்ணப்பிப்பது, எவ்வளவு கிடைக்கும் என்பதைத்தான். அந்தக் கேள்விகளுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறேன். ஆனால் கிடைக்கும் பணம் எந்தப் பொருளுக்கு, எந்த மாதத்தில், யார் கையால் செலவாக வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே நாம் எழுதி வாங்காவிட்டால், பணம் வராமல் இருப்பதே அந்தக் கட்டிடத்துக்கு நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் 1996 முதல் 2019 வரை அந்தச் சத்திரத்தில் இயங்கும் கிளை நூலகத்தில் நூலகராக வேலை செய்தேன். தலைவாசலின் கல்நிலையில் ‘கீலக வருஷம் 1908’ என்று வெட்டியிருக்கிறது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குச் சிறிய ரயில் பாதை 1906 இல் வந்தது. வண்டியில் வந்திறங்கும் வியாபாரிகளும் தீர்த்த யாத்திரை போகிறவர்களும் தங்குவதற்காக வணிகர் ஒருவர் கட்டி வைத்ததாக ஊரில் சொல்வார்கள். பன்னிரண்டு கல்தூண்கள், இருபுறமும் திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் கிணறு. சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். கூரை கட்டைக்குத்து மாடி, அதாவது மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் கலவை பரப்பித் தட்டி இறுக்கிய தளம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 இல், அந்த ரயில் பாதையை எடுத்துவிட்டார்கள். பிறகு பெரிய சாலையும் ஊரைத் தொடாமல் விலகிப் போயிற்று. வாரச் சந்தை சுருங்கியது. படித்தவர்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணுவதை நான் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். ஊரில் தினமும் திறக்கும் பொதுக் கட்டிடங்களில் சத்திரமும் ஒன்று. உள்ளே நூலகம் இருந்ததே அதற்குக் காரணம்.

முதல் நிதி 2011 பிப்ரவரியில் வந்தது. ஏறத்தாழ நான்கு லட்சம் ரூபாய். மார்ச் 31 க்குள் செலவு செய்து கணக்கு முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. அன்று நானும் மகிழ்ந்தேன். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் முடித்தார்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு ஆள் உயரத்துக்குச் சிமெண்டு பூசினார்கள். தரையில் கற்பலகைகளின் மேலேயே சிமெண்டுத் தளம் போட்டார்கள். மாடி ஒழுகுகிறது என்று சொன்னதற்கு, பழைய தட்டோடுகளின் மேல் மூன்று அங்குலக் காங்கிரீட் போட்டு மூடினார்கள். சுவருக்குப் பளிச்சென்று வண்ணமும் அடித்தார்கள். திறப்பு விழாவில் நான் நன்றியுரை வாசித்தேன்.

இரண்டு மழைக்காலம் போதுமானதாக இருந்தது. சுண்ணாம்புச் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய ஈரத்தைத் தன் பூச்சின் வழியாகவே காற்றில் விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். போக இடமில்லாத ஈரம் சிமெண்டு முடிகிற உயரத்துக்கு ஏறி அங்கே வெளிப்பட்டது. ஆள் உயரத்துக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த சுவரில், உப்புப் பூத்தது. விரலால் தொட்டால் செங்கல் மாவாக உதிர்ந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். பூச்சு பிடிப்பை விட்டிருந்த இடமெல்லாம் பானையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். நூலகத்தில் கீழ்த்தட்டில் குழந்தைகளுக்கான புத்தகங்களை வைத்திருந்தேன், அவர்கள் கைக்கு எட்டட்டும் என்று. ஒரு நவம்பர் காலையில் அந்த வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தபோது பக்கத்துப் புத்தகத்தின் அட்டையும் ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று நாற்பத்தொரு புத்தகங்களை இருப்பிலிருந்து நீக்கம் செய்தேன். மாடியின் நிலைமை இன்னும் மோசம். காங்கிரீட்டின் எடை முழுவதும் நூறாண்டுத் தேக்குக் கட்டைகளின் மேல் இறங்கியது. காங்கிரீட்டின் வெடிப்புகளில் இறங்கிய நீர் வெளியேற வழியின்றிக் கட்டைகளின் சுவருக்குள் செருகிய முனைகளில் தங்கி, அவற்றை இற்றுப்போகச் செய்தது. தாழ்வாரத்தின் வடக்குப் பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்துவிட்டது.

அந்த ஆட்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுக்குக் கொடுத்த மதிப்பீட்டில் சிமெண்டு என்று இருந்தது, சிமெண்டு பூசினார்கள். ஆறு வாரத்தில் முடிக்க வேண்டிய வேலையில் சுண்ணாம்புக்கு இடமே கிடையாது, ஏனென்றால் சுண்ணாம்பை நீற்றிப் பக்குவமாக எடுக்கவே அந்த ஆறு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். தவறு மதிப்பீட்டில் தொடங்கியது. அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை; நானும் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர்கள் மூவர் உயிரிழந்த பிறகு, பழுதடைந்த பொதுக் கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மாநிலம் முழுவதும் வேகம் பெற்றது. அது தேவையான வேலை; குழந்தைகள் உட்காரும் இடத்தில் சுவர் நிற்குமா என்ற கேள்விக்கு மேல் வேறு எந்தக் கேள்வியும் இல்லை. எங்கள் சத்திரத்தையும் பார்க்க வந்தார்கள். தொய்ந்த தாழ்வாரத்தைப் பார்த்தவர்களுக்கு இடிக்கத்தக்கது என்று எழுதத் தோன்றியது இயல்பே. நான் அப்போது ஓய்வு பெற்று இரண்டாண்டு ஆகியிருந்தது. பழைய வாசகர்கள் ஏழெட்டுப் பேர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், சந்தையில் தானியக் கடை வைத்திருக்கும் ஒருவர், தையல் கடை நடத்தும் ஒரு பெண், இவர்களோடு சேர்ந்து ஒரு மனு எழுதினோம். கட்டிடத்தை இடிக்காதீர்கள் என்று அதில் எழுதவில்லை. வடக்குத் தாழ்வாரத்தை உடனே அடைத்துவிடுகிறோம், நூலகத்தை வாடகை இடத்துக்கு மாற்றுகிறோம், கட்டிடப் பொறியாளர் ஒருவரிடம் உறுதித்தன்மை அறிக்கை வாங்கித் தருகிறோம், அதுவரை மூன்று மாதம் முடிவெடுக்காமல் இருங்கள் என்று எழுதினோம். மூன்று மாதம் கிடைத்தது. இடிப்புப் பட்டியலில் பெயர் ஏறும் நிலையில் உள்ள கட்டிடத்துக்கு அதன் பழைமையைப் பற்றிப் பேசுவதால் பயன் இல்லை. ஆபத்தை ஒப்புக்கொண்டு, அதற்கு நாம் என்ன செய்கிறோம் என்று சொன்னால்தான் எதிரில் இருப்பவர் காது கொடுக்கிறார்.

அந்த மூன்று மாதத்தில் முதல் ஒன்றரை மாதம் இந்தக் கட்டிடம் யாருடையது என்று கண்டுபிடிப்பதில் போயிற்று. இதை எழுதும்போது எனக்கே வியப்பாக இருக்கிறது, இருபத்து மூன்று ஆண்டு நான் அதன் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில், அதாவது ஊரின் நில விவரப் பதிவேட்டில், அந்த இடம் அரசுப் புறம்போக்கு என்றும், குறிப்புக் கட்டத்தில் ‘சத்திரம்’ என்றும் இருந்தது. ஜில்லா போர்டு காலத்தில் போர்டின் பொறுப்பில் இருந்த சத்திரங்கள், 1958 ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தின் கீழ் ஊராட்சி ஒன்றியங்கள் ஏற்பட்டபோது அவற்றின் வசம் வந்தன. ஆனால் எங்கள் சத்திரம் ஒன்றியத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறவே இல்லை. நூலகத் துறை வாடகை இல்லாத குடியிருப்பாளர் மட்டுமே. உரிமை யாருடையது என்று காகிதத்தில் தெளிவாக இல்லாத கட்டிடத்துக்கு எந்த நிதியும் வராது. தவறி வந்தாலும் தணிக்கையில் திரும்பிப் போகும். பதிவேட்டில் ஏற்றும் தீர்மானம் நிறைவேறிக் கையில் கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. அ-பதிவேட்டு நகல், புலப்பட வரைபடம், சொத்துப் பதிவேட்டு நகல், ஒன்றியத்தின் தீர்மான நகல் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வைத்த நாளைத்தான் நான் வேலை தொடங்கிய நாளாகக் கருதுகிறேன்.

பணத்துக்கு எங்கெல்லாம் போனோம் என்பதைச் சொல்கிறேன். பழைய கட்டிடம் என்றதும் எல்லோரும் தொல்லியல் துறையை நினைக்கிறார்கள். மத்திய அரசின் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, மாநில அரசின் 1966 ஆம் ஆண்டுச் சட்டத்திலோ பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டவற்றுக்குத்தான் அந்தத் துறைகள் செலவு செய்யும். எங்கள் பக்கத்தில் கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டைக் கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் இருக்கின்றன. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எதையும் செய்ய வேண்டும். ஆகவே பழைய கட்டிடம் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் அப்படி ஏதும் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. 1996 இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதியத்தின் வழியாக நன்கொடையாளர்கள் சின்னங்களைப் பராமரிக்கப் பணம் தரலாம், அதற்கு வருமான வரியில் முழு விலக்கும் உண்டு. ஆனால் எங்களைப் போன்ற ஊர்ச் சத்திரம் அந்த வாசல் வரை போய்ச் சேருவது கடினம். மாநிலப் பாரம்பரிய ஆணையத்துக்கான சட்டம் 2012 இல் இயற்றப்பட்டாலும், நடைமுறைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. நாங்கள் அலைந்த நாட்களில் அதனால் எங்களுக்குப் பயன் இருக்கவில்லை. கோயில் மண்டபம் என்றால் வழியே வேறு. இந்து சமய அறநிலையத் துறையில் கிராமப்புறக் கோயில் திருப்பணிக்கு நிதியுதவி உண்டு. பழைமையான கோயிலாக இருந்தால் வல்லுநர் குழு பார்த்து ஒப்பிய பிறகே கல்லைத் தொட முடியும். பூர்வீக வீட்டைச் சீர்செய்ய மானியம் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்கள் பலர். தனியார் வீட்டுக்கு நேரடி மானியம் வாங்கித் தரும் வழி எதையும் என்னால் அவர்களுக்குக் காட்ட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் ஊரின் மிக நல்ல மரவேலைப்பாடுகள் அந்தப் பூட்டிய வீடுகளுக்குள்தான் இருக்கின்றன.

இத்தனைக்கும் பிறகு எங்களுக்குப் புரிந்தது, பாரம்பரியம் என்ற சொல்லுக்குப் பணம் இல்லை, நூலகம் என்ற சொல்லுக்கு இருக்கிறது என்பது. கட்டிடம் எதற்காக இன்று பயன்படுகிறதோ அந்தப் பயனின் பெயரில்தான் நிதி வரும். எனவே கோப்பின் தலைப்பை ‘கிளை நூலகக் கட்டிடம் புனரமைத்தல்’ என்று மாற்றினோம். அலமாரிகளுக்கும் இருக்கைகளுக்கும் கொல்கத்தாவில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் உதவித் திட்டங்களை நான் பணிக்காலத்திலிருந்தே அறிவேன். 1972 இல் தொடங்கிய நிறுவனம் அது. கட்டிடத்துக்கு ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பிடித்தோம். பொதுச் சொத்தாக இருக்க வேண்டும், மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்த வேண்டும், மீதியை அரசு தரும் என்பது அதன் அடிப்படை. எங்களுக்கு இன்னொரு காரணத்துக்காக அது பிடித்திருந்தது. மக்கள் பங்கு பாதியைத் தாண்டினால் வேலையை நாங்களே முன்னின்று செய்ய அனுமதி கேட்கலாம் என்று தெரிந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரினால் குறைந்த விலை சொல்பவருக்கு வேலை போகும். சுண்ணாம்பு தெரிந்த கொத்தனாரைத் தேடி வைக்கும் உரிமை நம்மிடம் இராது. ஆகவே மூன்றில் ஒரு பங்கோடு நிற்காமல் பாதிக்கு மேல் திரட்டுவது என்று முடிவு செய்தோம். மதிப்பீடு இருபத்தோரு லட்சம். எங்கள் பங்கு பதினொரு லட்சம்.

அந்தப் பதினொன்றில் எட்டு லட்சம் ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து வந்தது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டிடங்களையும் இடங்களையும் மீட்டமைப்பது இந்த நிதியைச் செலவிடத்தக்க பணிகளில் ஒன்றாகத் தெளிவாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. பல நிறுவனங்களின் அலுவலர்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை. பள்ளிக் கழிப்பறையும் மருத்துவ முகாமும்தான் அவர்களுக்கு உடனே தோன்றும். அந்தப் பிரிவின் நகலை நான் பையில் வைத்துக்கொண்டே போனேன். ஓசூர்ப் பக்கத்து நிறுவனம் ஒன்றில், ஆலை இருக்கும் பகுதிக்கே முன்னுரிமை என்று சட்டம் சொல்வதால் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தாண்ட இயலாது என்றார்கள். இன்னொரு நிறுவனத்தில், எங்கள் ஊரிலிருந்து தினமும் அவர்கள் பேருந்தில் ஏறும் இளைஞர்களின் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பேச்சு பலித்தது. அடுத்த தடை, இந்தப் பணத்துக்காக நாங்கள் தொடங்கியிருந்த அறக்கட்டளையைப் பற்றியது. புதிதாகப் பதிவு செய்த அறக்கட்டளைக்கு இந்த நிதியைத் தர முடியாது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி என்ற வரிவிலக்குப் பதிவுகளும், மூன்றாண்டு செயல்பாடும், 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் பதிவாளரிடம் சி.எஸ்.ஆர்-1 என்ற, சமூகப் பொறுப்பு நிதி பெறுவோருக்கான படிவப் பதிவும் வேண்டும். இவற்றை முன்பே வைத்திருந்த வேறொரு தொண்டு நிறுவனத்தின் வழியாகத்தான் நாங்கள் போனோம். பணம் கேட்கும் அவசரத்தில் புது அறக்கட்டளை தொடங்குவது வீண் வேலை என்பதைச் செலவு செய்து கற்றுக்கொண்டோம்.

மீதி மூன்று லட்சத்தை ஊரில் திரட்டினோம். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சத்திரம் கட்டப்பட்ட காலத்தில் ஊரார் எல்லோருக்கும் அது திறந்திருக்கவில்லை. ஊரின் தெற்குப் பகுதியில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனபோது, எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “எங்க தாத்தா அந்தத் திண்ணையில காலை வெச்சதில்லம்மா. மழை வந்தாக்கூட எதிர்ல புளியமரத்தடியிலதான் நிப்பாராம். அதை நான் எதுக்குக் காப்பாத்தணும்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. சிறிது நேரம் கழித்து, அவருடைய பேத்தியின் நூலக அட்டை எண்ணைச் சொன்னேன். பத்தாண்டு கையெழுத்துப் போட்ட அட்டை, மறக்கவில்லை. அவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டாக வாசலில் வைக்கக் கூடாது, தொகையை எழுதக் கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டார். அதைக் கூட்டத்தில் வைத்து ஏற்றோம். பெயர்கள் அகர வரிசையில், தொகையின்றி, நூலகத்தின் உள்ளே ஒரு பலகையில் இருக்கின்றன. சிலர் மனத்தாங்கலோடு தங்கள் தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். அது எங்களுக்குச் சம்மதமே.

மதிப்பீடு எழுதுவதற்குச் சென்னையிலிருந்து கட்டிடப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒரு கட்டிடக் கலைஞரை வரவழைத்தோம். அவருக்குக் கொடுத்த கட்டணம் எங்கள் குழுவில் பெரிய சண்டையாயிற்று. இன்று பார்த்தால் அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. அவர்தான் ஒவ்வொரு வேலையையும் சுண்ணாம்பில் எழுதினார். ‘சிமெண்டுப் பூச்சை அகற்றிச் சுவரை எண்பது நாள் உலரவிடுதல்’ என்பதையே ஒரு தனி இனமாக எழுதியதுதான் அவர் செய்த மிகப் பெரிய உதவி. எழுதப்படாத காத்திருப்புக்கு எந்த அலுவலகமும் கால நீட்டிப்புத் தராது. மாசியில் சிமெண்டைக் கொத்தி எடுப்பது, பங்குனி சித்திரை வெயிலில் சுவரை உலரவிடுவது, வைகாசியில் கூரைக்குப் போவது, ஆனி ஆடியில் வெயில் தணிந்த பிறகு பூச்சு, ஐப்பசி மழைக்கு முன் முடிப்பது என்று கட்டிடத்தின் நாள்காட்டியை முதலில் போட்டோம். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறதே என்ற கவலைக்கு, வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்து, கொத்தும் வேலையை மட்டும் முதல் ஆண்டின் கணக்கில் முடித்தோம்.

கொத்தனாருக்கு எழுபது வயதுக்கு மேல். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் அவர் ஊர். முதல் நாள் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “சிமிட்டிய எடுத்துட்டா இது தானா மூச்சு விடும், லைப்ரரியம்மா. நாம அவசரப்படாம இருந்தாப் போதும்” என்றார். சங்ககிரிப் பக்கத்திலிருந்து வந்த சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பின்கட்டில் குழி வெட்டி நீற்றினார். தண்ணீர் ஊற்றியதும் குழி கொதித்துப் புகைந்த சத்தத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே கூடிவிட்டார்கள். ஒரு மாதம் அதைத் தண்ணீருக்கடியிலேயே வைத்திருந்தார். அரூரில் வாங்கிய கடுக்காயை இடித்து, வெல்லத்தோடு பெரிய தொட்டியில் ஊறப்போட்டார். பத்து நாளில் அது புளித்து நுரைத்தது; வெற்றிலைப் பாக்கும் புளித்த பழமும் கலந்தாற்போன்ற மணம் தெருமுனை வரை வந்தது. அந்த நீரை வடித்துத்தான் கலவையில் சேர்த்தார்.

இற்றுப்போன ஒன்பது கட்டைகளை மாற்றி, மற்றவற்றின் முனைகளை ஆராய்ந்து, மாடியை மீண்டும் போட்டோம். சிறிய மெல்லிய செங்கற்களைக் கட்டைகளின் மேல் சாய்வாட்டத்தில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலத்துக்குப் பரப்பினார்கள். பிறகு கட்டை குத்துதல். எட்டுப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் மரக்கட்டையோடு, கடுக்காய் நீரைத் தெளித்துத் தெளித்துக் காலையிலிருந்து மாலை வரை தட்டினார்கள். முதல் நாள் கட்டை பதிந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. ஐந்தாம் நாள் அடியின் ஒலி மாறியது. ஏழாம் நாள் கொத்தனார் ஒரு கட்டையை வாங்கி ஓங்கிப் போட்டார். அது கல்லில் பட்டதுபோல் துள்ளித் திரும்பியது. போதும் என்றார். அதன் மேல்தான் தட்டோடு ஒட்டினார்கள்.

இந்த ஏழு நாள் கூலிதான் கணக்கில் எங்களைத் திணற வைத்தது. அரசுப் பணியில் பணம் அளவுப் புத்தகத்தின்படி கிடைக்கும். இத்தனை சதுர மீட்டர் முடிந்தது என்று பொறியாளர் அளந்து எழுதினால்தான் தொகை வரும். தட்டிக்கொண்டிருக்கும் நாட்களில் அளக்க எதுவும் இல்லை. தட்டுவதையும் நீர் தெளிப்பதையும் சேர்த்தே சதுர மீட்டருக்கு ஒரே விலை என்று மதிப்பீட்டில் எழுதியிருந்ததால் இறுதியில் பணம் வந்தது. ஆனால் வந்தது பதினொரு வாரம் கழித்து. கூலி சனிக்கிழமை சாயங்காலம் கொடுத்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சந்தை. இந்த இடைவெளிக்காகவே தானியக் கடைக்காரர் வட்டியில்லாமல் ஒன்றரை லட்சத்தைக் கைமாற்றாகக் கொடுத்து வைத்திருந்தார். அந்தப் பணம் இல்லாவிட்டால் வைகாசியிலேயே வேலை நின்று, திறந்து கிடக்கும் கூரையின் மேல் மழை பெய்திருக்கும். எந்த நிதிக்கு விண்ணப்பித்தாலும், அதில் பத்தில் ஒரு பங்காவது சுழற்சிக்குக் கையில் இருந்தால் மட்டுமே கூரையைப் பிரியுங்கள்.

எங்கள் கணக்கில் வேறு பிசகுகளும் இருந்தன. நூலகத்தை மாற்றி வைத்த இடத்தின் பதினான்கு மாத வாடகையை மதிப்பீட்டில் சேர்க்க மறந்துவிட்டோம். சாரக் கட்டுக்கு ஒதுக்கிய தொகை பாதிக்குக்கூடப் போதவில்லை. மின்சார வேலையையும் மரவேலையையும் மட்டும் ஒப்பந்தத்தில் விட்டிருந்தோம். 2022 ஜூலை 18 முதல் உள்ளாட்சிகளுக்கான பணி ஒப்பந்தங்களுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆக உயர்ந்தது. எங்கள் மதிப்பீடு அதற்கு முன்னால் போட்டது. மூன்றையும் சேர்த்து விழுந்த துண்டை மீண்டும் ஊராரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கதவைத் தட்டுவது மிகவும் கடினம். எல்லா ரசீதுகளையும் கூலிப் பதிவேட்டையும் தையல் கடைப் பெண் அன்றன்றே நோட்டில் ஒட்டி எழுதி வந்ததால், அந்த நோட்டைக் காட்டிக் கேட்க முடிந்தது; பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும்போதும் எந்தக் கேள்வியும் எழவில்லை.

2023 புரட்டாசியில் நூலகம் திரும்பி வந்தது. நிதி வாங்கும்போதே, பதினைந்து ஆண்டுக்கு இந்தக் கட்டிடம் நூலகமாகவே இருக்கும் என்றும், ஆண்டுக்கு ஒரு முறை மாடியைச் சுத்தம் செய்யும் செலவை ஒன்றியம் ஏற்கும் என்றும் தீர்மானத்தில் எழுதி வாங்கியிருந்தோம். அந்தத் தீர்மானம் இருந்தும் முதல் ஆண்டு யாரும் மாடிக்கு ஏறவில்லை. நாங்களே ஏறி, கைப்பிடிச் சுவரின் இடுக்கில் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த மூன்று அரசங்கன்றுகளை வேரோடு எடுத்தோம். வடக்குச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் உப்பு லேசாகப் பூக்கிறது. பன்னிரண்டாண்டு சிமெண்டுக்குள் அடைபட்டிருந்த உப்பு வெளியேற இன்னும் சில வருடம் ஆகும், துடைத்துவிட்டுக்கொண்டே இருங்கள் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அந்தச் சுவரை ஒட்டி அலமாரி வைக்கவில்லை.

நீற்றிய சுண்ணாம்பில் மீதமானதைப் பின்கட்டுக் கிணற்றடியில் தொட்டி கட்டி, தண்ணீர் நிறுத்தி, பலகையால் மூடி வைத்திருக்கிறோம். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அது பல ஆண்டு கெடாது, நாளாக நாளாக இன்னும் நன்றாகும். வாரத்துக்கு ஒரு முறை பலகையைத் தூக்கிப் பார்த்து இரண்டு குடம் ஊற்றுவது இப்போது என் பொறுப்பு.